மேலேறும் தளமும் கீழே வீழும் மென்பொருளும்

கணிப்பொறியின் இயங்குதளத்தைப் புதிய பதிப்பிற்கு மாற்றிய மறுநாளே, நேற்றுவரை பழுதின்றி இயங்கிய மென்பொருள் வாய்மூடிக் கிடக்கும் நிலை இற்றை நாளில் யார்க்கும் புதிதன்று. கணக்கெழுதும் செய்நிரல் திறக்க மறுக்கின்றது. அச்சுப்பொறி அருகிலிருந்தும் கணிப்பொறியின் கண்ணுக்குத் தென்படுவதில்லை. இருபதாண்டு உழைப்பில் தட்டெழுதிச் சேர்த்த கோப்புகள், திறந்த பின்னும் படிக்கவியலாக் குறிகளாய்ச் சிதறிக் கிடக்கின்றன. இந்நிலையிற் பயனாளர் முதற்கண் ஐயுறுவது தம்மையேதான். எதையோ தவறாக அழுத்திவிட்டதாகவும், தமக்குக் கணிப்பொறியறிவு போதாதெனவும் எண்ணிக் குன்றிப் போகின்றார். பழுது பார்க்க வந்தவரோ, "இது பழையது, இனி ஓடாது, புதியது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டுக் கூலிக்குக் கைநீட்டுகின்றார். முன்னவர் தம்மேற் போட்டுக்கொள்ளும் பழியும் பொய். பின்னவர் சொல்லும் தீர்ப்பும் பெரும்பாலும் பொய். கரணியமின்றி எந்த மென்பொருளும் சாவதில்லை. அக்கரணியம் கண்டறியத்தக்கது. கண்டறிந்தவிடத்து, போனதென்று கைவிடப்பட்டவற்றுட் பல மீண்டு வரும்.

'இயங்குதளம்' என்னும் சொல்லையே சற்று எண்ணிப் பார்த்தல் நன்று. இயங்குதல் தன்வினை, இயக்குதல் பிறவினை. பொறியை இயக்குவதாகலின் 'இயக்குதளம்' என்பதே பொருந்துமென வழக்குரைப்பாரும் உளர். அவர் கூற்றிலும் பொருளுண்டு. எனினும், வழக்கில் நிலைத்துவிட்ட 'இயங்குதளம்' என்பதும் குறையுடையதன்று. பிற செய்நிரல்கள் தன்மேல் நின்று இயங்குதற்கு இடமளிக்கும் தளம் என்பது அதன் பொருள். இப்பொருளை உள்ளத்திற் கொண்டால், தளத்தை மாற்றுவார்க்கு அதன்மேல் நிற்பாரைப் பற்றிய பொறுப்பு உண்டா இல்லையா என்னும் வினா தானே எழும்.

ஒரு செய்நிரல் பொறியோடு நேரே உறவாடுவதில்லை. கோப்பைத் திற, நினைவகத்தில் இத்துணை இடம் கொடு, இவ்வெழுத்தைத் திரையில் வரை, இத்தாளை அச்சிடு என ஒவ்வொன்றையும் இயங்குதளத்திடமே கேட்டுப் பெறுகின்றது. எவ்வாறு கேட்க வேண்டும், கேட்டால் என்ன கிடைக்கும் என்பன இரண்டற்கும் இடையே ஓர் உடன்படிக்கையாய் உள்ளன. அவ்வுடன்படிக்கையில் எழுதப்பட்ட பகுதியும் உண்டு. எழுதப்படாது புழக்கத்தால் மட்டும் நிலைத்த பகுதியும் உண்டு. குடக்கூலிக்கு இருப்பவர், எழுத்தில் இல்லாத கொல்லைப்புற வழியைப் பத்தாண்டு பயன்படுத்தி வந்திருக்க, வீட்டுக்குரியவர் ஒருநாள் அங்கே சுவரெழுப்பிவிட்டால் என்ன ஆகுமோ அதுவே ஈண்டும் நேர்கின்றது. 'அவ்வழி எழுத்தில் இல்லையே' என்பார் உரியவர். 'பத்தாண்டு போய் வந்தேனே' என்பார் குடியிருப்பவர். இருவர் சொல்வதும் மெய்யே.

இச்சிக்கலைப் பெருந்தன்மையோடு தீர்த்த வரலாறும் உண்டு. 'சிம்சிட்டி' என்பது நகரமைக்கும் விளையாட்டு மென்பொருள். தான் பயன்படுத்தி விடுவித்துவிட்ட நினைவக இடத்தை, விடுவித்த பின்னும் எட்டிப் படிக்கும் குறை அதன்கண் இருந்தது. விண்டோசின் பழைய பதிப்பில் அவ்விடம் உடனே வேறெதற்கும் கொடுக்கப்படாமையால் குறை வெளிப்படவில்லை. 1995 இல் வந்த புதிய விண்டோசில் அது வீழ்ந்தது. குறை முற்றிலும் விளையாட்டினுடையதே. ஆயினும் மைக்குரோசாப்டு நிறுவனத்தார், இயங்குவது சிம்சிட்டியா எனக் கண்டு, ஆமெனில் நினைவகத்தை உடனே திரும்ப எடுத்துக்கொள்ளாமல் விட்டுவைக்கும் தனி ஏற்பாடொன்றைத் தம் இயங்குதளத்தினுள்ளேயே அமைத்தனர். இதனை யோயல் இசுபோல்சுகி 2004 இல் தாம் எழுதிய கட்டுரையில் விரித்துரைத்திருக்கின்றார். விளையாட்டை விலைகொடுத்து வாங்கியவர்க்குப் புதிய விண்டோசு வேண்டும்; விளையாட்டும் வேண்டும். இரண்டிலொன்று நின்றுபோனால் அவர் பழிப்பது புதிதாய் வந்ததைத்தான். இதனை அற்றை நாளில் அந்நிறுவனம் உணர்ந்திருந்தது. தொண்டுள்ளத்தாலன்று, வணிக அறிவாலேயே உணர்ந்திருந்தது என்றாலும் பயன் பயன்தானே!

இதனினும் அறிவூட்டுவது 2010 இல் நிகழ்ந்தது. லினக்சு வகையைச் சேர்ந்த பெடோராவின் 14 ஆம் பதிப்பிற்கு மாறியவர்கள், இணையத்தில் பாட்டுக் கேட்கும்போது ஓசை சிதைந்து கரகரப்பதைக் கண்டனர். நினைவகத்தின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் படியெடுக்கும் சிறு செயற்கூறு ஒன்று விரைவுக்காகத் திருத்தி எழுதப்பட்டிருந்தது. மூலவிடமும் சேரிடமும் ஒன்றன்மேலொன்று படியலாகாது என்பது அச்செயற்கூற்றின் எழுதப்பட்ட நெறி. அடோபி நிறுவனத்தின் பிளாசு மென்பொருள் அந்நெறியை மீறியிருந்தது. முன்பு படியெடுப்பு முன்னிருந்து பின்னாக நடந்ததால் மீறல் தெரியவில்லை. பின்னிருந்து முன்னாக மாறியதும் ஓசை உடைந்தது. 'நெறியை மீறியவன் கெட்டான், எங்களுக்கென்ன?' என்று நூலகத்தைப் பேணியோர் பக்கத்திலிருந்து குரலெழுந்தது. லினக்சின் கருவை எழுதிய லினசு தோர்வால்டுசோ பயனாளர் பக்கம் நின்று வழக்குரைத்தார். இறுதியில், பழைய செய்நிரல்களுக்குப் பழைய முறையிலும், புதிதாய்க் கட்டப்படுவனவற்றிற்குப் புதிய முறையிலும் அச்செயற்கூறு விடையளிக்குமாறு இரு பதிப்பாக வைக்கப்பட்டது. பழையவரும் கெடவில்லை, புதியவரும் தடைப்படவில்லை. 2012 திசம்பரில் அதே தோர்வால்டுசு, கருவில் செய்யும் மாற்றம் பயனாளரின் செய்நிரலை உடைக்குமாயின் குற்றம் கருவினுடையதேயன்றிச் செய்நிரலினுடையதன்று என்பதை மிகக் கடுஞ்சொற்களால் தம் குழுவினர்க்கு அறிவுறுத்தினார். சொல்லின் கடுமை வேண்டாததாகலாம். நெறி வேண்டியதே.

எல்லா முறிவும் இத்தகையதன்று. சிலவிடத்துப் புதிய தளம் காவலை மிகுவிப்பதால் பழையது தடுக்கப்படும். 2007 சனவரியில் பொதுமக்களுக்கு வந்த 'விசுத்தா' என்னும் விண்டோசுப் பதிப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதற்குமுன் பெரும்பாலார் முழு ஆளுமையுரிமையோடே கணிப்பொறியைப் பயன்படுத்தி வந்தனர். செய்நிரல்களும் தம் குறிப்புகளையும் கணக்குகளையும் தாம் நிறுவப்பட்ட அடைவுக்குள்ளேயே எழுதிவந்தன. விசுத்தா அவ்வடைவைப் பூட்டியது. பூட்டியதோடு நில்லாமல், பழைய செய்நிரல் அங்கே எழுத முயன்றால், அதற்குத் தெரியாமலே அவ்வெழுத்தைப் பயனாளரின் தனியடைவிலுள்ள மறைவான ஓரிடத்திற்குத் திருப்பிவிட்டது. செய்நிரல் நிற்காமைக்குச் செய்த நல்லேற்பாடே இது. விளைவோ விந்தையானது! ஒரே பொறியில் ஒருவர் எழுதிய கணக்கு மற்றவர் நுழைந்தபோது காணாமற் போயிற்று. வழக்கமான அடைவைப் படியெடுத்துக் காத்துவந்தவர், உண்மைக் கோப்பு வேறிடத்தில் இருப்பதை அறியாமல் வெற்றடைவையே காத்துவந்தார். 'கணக்கு அழிந்தது' என்று அழுதவருட் பலர்க்குக் கணக்கு அழியவில்லை. அடுத்த அறையில்தான் இருந்தது.

இனி, எழுதப்பட்ட உடன்படிக்கையையே கிழித்துப் போடும் வகை. ஒரு நுண்செயலி ஒரே வீச்சிற் கையாளும் இருமக் குறிகள் துண்மி எனப்படும். 1990 களின் முற்பாதியில் எழுதப்பட்ட விண்டோசுச் செய்நிரல்கள் பெரும்பாலும் 16 துண்மி அளவின; பின்னவை 32; இக்காலத்தன 64. விண்டோசின் 64 துண்மிப் பதிப்புகள் எவற்றிலும் 16 துண்மிச் செய்நிரல் இயங்காது. 32 துண்மிப் பதிப்பை வைத்திருந்தோர்க்கு 'விண்டோசு 10' வரை வழியிருந்தது. 2021 அக்தோபர் 5 அன்று வெளிவந்த 'விண்டோசு 11' 64 துண்மிப் பதிப்பாக மட்டுமே வந்ததால் அவ்வழியும் அடைபட்டது. 2025 அக்தோபர் 14 அன்று விண்டோசு 10 இன் பொதுவான பேணுகை முடிவுற்றபோது, முப்பதாண்டுக் காலம் மெல்லத் தேய்ந்துவந்த அவ்வுடன்படிக்கை முற்றிற்று. இதிலொரு நுட்பம்: செய்நிரல் 32 துண்மியினதாய் இருந்தும், அதனை நிறுவும் துணைநிரல் மட்டும் 16 துண்மியினதாய் இருப்பதுண்டு. அங்கே செய்நிரலுக்கு ஒன்றுமில்லை. வாயிற்காவலன்தான் செத்துக் கிடக்கின்றான். பெயர்பெற்ற சில நிறுவிகளை அடையாளங்கண்டு, தானே மாற்று நிறுவியைப் புகுத்தும் ஏற்பாடு விண்டோசில் உண்டு, எல்லாவற்றிற்கும் இல்லை.

ஆப்பிள் நிறுவனம் இவ்வகையில் இன்னும் ஈரமற்றது. 2019 அக்தோபர் 7 அன்று அது வெளியிட்ட 'கேட்டலினா' என்னும் மாக்கு இயங்குதளம், 32 துண்மிச் செய்நிரல் அனைத்தையும் ஒரே நாளில் ஒதுக்கியது. 2018 தொடங்கி அவ்வகைச் செய்நிரலைத் திறக்கும்போது திரையில் எச்சரிக்கை வந்ததென்பதை மறுப்பதற்கில்லை. எனினும் எச்சரிக்கை வேறு, வழிகாட்டல் வேறு. அடோபி நிறுவனம் 2012 இல் விற்ற ஆறாம் ஆக்கத் தொகுப்பு, ஒருமுறை விலைகொடுத்தால் என்றென்றும் உரியதாகும் முறையில் வந்த கடைசித் தொகுப்பு. 2013 முதல் அந்நிறுவனம் திங்கள்தோறும் பணம் கட்டும் முறைக்கு மாறிவிட்டது. அப்பழைய தொகுப்பின் நிறுவியும் உரிமம் பார்க்கும் பகுதியும் 32 துண்மியின. ஆகவே பெரும்பொருள் கொடுத்து வாங்கிய படவரைஞர், ஒன்று தம் பொறியைப் பழைய தளத்திலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். அன்றி வாழ்நாளெல்லாம் கப்பம் கட்ட வேண்டும். 'மேம்பாடு' என்று பெயர் சூட்டப்பட்ட இச்செயல் யார்க்கு மேம்பாடு?

பழையதைச் சுமப்பதில் இழப்புமுண்டு என்பது மெய். பழைய வாயில்கள் திருடர்க்கும் வாயில்களே. பழைய நிரலைப் பேணுவார்க்குக் கூலி வேண்டும். அதனை ஆய்ந்து பார்க்க ஆள் வேண்டும். ஆனால் 'முடியவே முடியாது' என்பார் சொல்லை நம்ப வேண்டியதில்லை. 1964 இல் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த 360 ஆம் வரிசைப் பெருங்கணிப்பொறிகளுக்கு எழுதப்பட்ட செய்நிரல்கள், அவற்றின் வழிவந்த இக்காலப் பெரும்பொறிகளிலும் இயங்குமாறு காக்கப்பட்டு வருகின்றன. அங்கே வாங்குவோர் வைப்பகத்தாரும் அரசுகளும். இங்கே வாங்குவோர் சிறு கடைக்காரரும் நூல் எழுதுவோரும். வேறுபாடு நுட்பத்தினாலன்று, வாங்குவோரின் வலிமையினால் வந்தது.

வலிமை குன்றிய பயனாளர் செய்யத்தக்கது யாது? முதலாவது, எதையும் அழிக்காதிருத்தல். மென்பொருள் திறக்கவில்லையெனின் உடனே அதனை நீக்கி மறுபடி நிறுவப் பலரும் விரைகின்றனர். நீக்கும்போது உள்ளிருந்த கோப்புகளும் போவதுண்டு. ஆகவே கோப்புகளை வேறொரு வட்டிற்குப் படியெடுத்த பின்னரே எதனையும் தொடல் வேண்டும். விண்டோசில் தளத்தை மாற்றிய பின் 10 நாள்களுக்குள் பழைய தளத்திற்கே திரும்பும் வழி இயல்பாகவே வைக்கப்பட்டுள்ளது. அந்நாள் கடந்தால் பழைய தளத்தின் அடைவு தானே நீக்கப்படும். பத்து நாளையும் அங்கலாய்ப்பிற் கழித்துவிட்டுப் பதினோராம் நாள் வழிதேடுவார் மிகப் பலர்.

அடுத்து, திரையில் தோன்றும் பிழைச்செய்தியை எழுத்துப் பிசகாமல் தாளில் எழுதிக்கொள்ளல் வேண்டும். 'ஏதோ வருகிறது' என்பதைக் கொண்டு எந்த மருத்துவரும் நோயறிய முடியாது. பதிப்பு பொருந்தவில்லை என்பது செய்தியாயின், அது எளிய நோய். அச்செய்நிரலின் படவுருவை வலப்பக்க விசையால் அழுத்தி, ஒத்தியல்புப் பகுதியிற் பழைய பதிப்பொன்றைத் தெரிந்தால், இயங்குதளம் தன்னைப் பழையதாகவே அச்செய்நிரலிடம் காட்டிக்கொள்ளும். தீங்கில்லாப் பொய் அது! எழுத உரிமையில்லை என்பது செய்தியாயின், கோப்புகளைப் பயனாளரின் சொந்த அடைவுக்கு மாற்றுதல் வேண்டும். செய்தியே இன்றி மூடிக்கொள்ளுமாயின், பொறியில் புதிய பயனாளர் பெயரொன்றை உருவாக்கி அதன்வழித் திறந்து பார்த்தல் நல்லோர்வு. அங்கே திறந்தால் கெட்டது செய்நிரலன்று, பழைய பெயரோடு ஒட்டிக்கிடக்கும் அமைப்புக் குறிப்புகளே. அங்கும் திறவாதாயின் இயங்குதளத்தின் நிகழ்வுப் பதிவேட்டில், மூடிய நொடியில் எக்கோப்பின் பெயர் எழுதப்பட்டுள்ளதெனப் பார்க்கலாம். மென்பொருளைப் பழிப்பதற்கு முன் இயக்கிகளைப் பார்ப்பதும் தேவை. அச்சுப்பொறி, வருடி, உரிமப் பூட்டாகச் செருகும் சிறு கருவி ஆகியன இயங்குதளத்தின் உட்கருவோடு பேசுவன. 64 துண்மி விண்டோசு, கையொப்பமிடப்படாத உட்கரு இயக்கிகளை ஏற்பதில்லை.

இவையெல்லாம் பயன்படாதவழியும் கதவு மூடிவிடவில்லை. பழைய இயங்குதளத்தையே ஒரு மெய்நிகர்ப் பொறியாகப் புதிய பொறியினுள் நிறுவி, அதனை இணையத்தோடு இணைக்காமல் வைத்துக்கொண்டால் பழைய மென்பொருள் அங்கே தன் பழைய உலகிலேயே வாழும். டாசு காலத்துச் செய்நிரல்களுக்கு 'டாசுபாக்சு' உண்டு. விண்டோசுச் செய்நிரல்களை லினக்சில் இயக்கும் 'வைன்' என்னும் கட்டற்ற மென்பொருள் 1993 முதல் வளர்ந்து வருகின்றது. புதிய விண்டோசு ஏற்க மறுக்கும் 16 துண்மி விண்டோசுச் செய்நிரல்கள் பலவற்றை, 64 துண்மி லினக்சின்மேல் வைன் இயக்கிக் காட்டுகின்றது. பெற்ற தாய் கைவிட்ட பிள்ளையை அயல்வீட்டார் வளர்ப்பது போன்ற நிலை!

மென்பொருள் மீண்டாலும் மீளாவிட்டாலும், அதனுள் அடைபட்ட எழுத்து மீள வேண்டும். தமிழ் எழுதுவோர்க்கு இவ்விடத்தில் மற்றவர்க்கில்லாத் தனித்துயர் ஒன்றுண்டு. 1990 களில் இயங்குதளங்களுக்குத் தமிழ் தெரியாது. எனவே எழுத்துரு செய்தோர், உரோம எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தனர். திரையில் தெரிந்தது தமிழ். கோப்பில் இருந்ததோ உரோமக் குறி. அதிலும் ஒவ்வொருவர் வரிசை ஒவ்வொரு விதம். 'பாமினி'யில் எழுதியதைத் 'திசுக்கி' படிக்காது. 1999 பிப்பிரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி ஒருமொழிக் குறியேற்றம், இருமொழிக் குறியேற்றம் என்னும் இரண்டை அரசு தரப்படுத்தியது. ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருந்தும், விண்டோசு அதனை ஏற்றது 2000 ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் 16 துண்மி அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் ஏற்று ஆணையிட்டது 2010 இல். இவ்விடைக்காலத்தே தட்டெழுதப்பட்ட நூல்கள், மலர்கள், அகரமுதலிக் குறிப்புகள், கல்வெட்டுப் படிகள் எத்துணையோ! எழுத்துருவோ தட்டச்சு மென்பொருளோ புதிய தளத்தில் நிறுவ முடியாத நாளில் அவை வெறும் குப்பையாகத் தோன்றும். தோற்றம்தான், குப்பையல்ல.

திறந்த கோப்பில் உரோம எழுத்துகளும் விந்தைக் குறிகளும் விரவிக் காணப்பட்டால், உள்ளடக்கம் பழுதின்றி இருக்கின்றதென்றே பெரும்பாலும் கொள்ளலாம். உரிய எழுத்துரு கிடைத்தால் தமிழ் திரும்பும். ஆனால் வரிவரியாக வினாக்குறிகள் மட்டுமே காணப்பட்டால் ஏதம் அருகில் உள்ளது. புதிய மென்பொருள் தனக்கு விளங்காத குறிகளை வினாக்குறியாக மாற்றிக் காட்டுகின்றது. அந்நிலையிற் 'சேமி' என்னும் கட்டளையை அழுத்தினால் வினாக்குறிகளே கோப்பில் எழுதப்பட்டு முன்னிருந்தது மீளாதபடி அழியும். ஆகவே சேமியாமல் மூடுதல் வேண்டும். மூலக்கோப்பைப் படிக்க மட்டும் இயலுமாறு பூட்டி வைத்தல் வேண்டும். அதன் பின்னரே, அக்கோப்பு எவ்வெழுத்துருவில் எழுதப்பட்டதெனக் கண்டறிந்து, அதற்குரிய மாற்றியைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றலாம். மாற்றியபின் 'கொ', 'கோ', 'கௌ' போன்ற ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வரும் எழுத்துகளையும், எண்களையும், இடையிடையே உண்மையாகவே உரோம எழுத்தில் எழுதப்பட்டிருந்த பெயர்களையும் பக்கந்தோறும் ஒப்புநோக்குதல் வேண்டும். மாற்றிகள் பெரும்பாலும் இடறுவது இவ்விடங்களில்தான். அச்சிட்ட படி கையிலிருப்பின் அதனோடு ஒப்பிடலாம். ஒப்புநோக்கி முடியும்வரை, பழைய இயங்குதளத்தோடு கூடிய பழைய பொறியை எடைக்குப் போடாமல், இணையத் தொடர்பை அறுத்து, மூலையிலேனும் வைத்திருத்தல் வேண்டும்.